பெண்கள் துறையில் வெட்டிய மண்

எங்கள் குளம் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் அது போய்விட்டது என்று நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. மல்லாவிச் சந்தைக்குப் போகிறவர்கள் குளக்கட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தாமரை இலைகளையும் கொக்குகளையும் பார்க்கிறார்கள். முந்தியதைவிட வடிவாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும். நான் எழுத வந்தது அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடந்த நிலத்தைப் பற்றி.

குளக்கட்டு வளைகிற இடத்தில் இரண்டு மருதமரங்கள் நின்றன. அவற்றுக்குக் கீழேதான் பெண்கள் துறை. குளத்தின் மற்றப் பக்கமெல்லாம் கணுக்கால் புதைகிற சேறு. இங்கே மட்டும் இறுகிய கிரவல் நிலம், கோயில் வீதிபோலச் சரிவாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போகும். நடக்கத் தொடங்கிய பிள்ளை முழங்கால் ஆழத்தில் நிற்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இடுப்பு ஆழம்வரை போகலாம். பெரியபிள்ளையானவர்கள் கழுத்து மட்டும் போய் நீந்துவார்கள். யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. அந்தச் சரிவே எங்களுக்கு வயதைச் சொல்லிக்கொண்டிருந்தது. வளைவுக்குக் கிட்ட வருகிற ஆண்கள் சைக்கிள் மணியை அடிக்க வேண்டும். "ஆளிருக்கு!" என்று கீழேயிருந்து ஒரு குரல் போனால் வயலுக்குள் இறங்கிச் சுற்றிப் போவார்கள். மணி அடிக்காமல் வந்த ஒரு புதுமாப்பிள்ளையின் மானத்தைப் பெண்கள் ஒரு கிழமை முழுக்க வாங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

நான் இந்தக் குளத்துக்குக் கீழேயுள்ள குடியேற்றத்தில் பிறந்தவள். கணவரின் தாய், எனக்கு மாமி, என் மகளுக்கு அப்பம்மா, யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரிலேயே வாழ்ந்தவர். போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது இரண்டு பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல்நாள் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாமி குளக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

"மாடு குளிக்கிற தண்ணியிலயோ பிள்ளை நீங்கள் குளிக்கிறனீங்கள்?"

"மாட்டுக்கு வேற துறை மாமி."

"அது தண்ணிக்குத் தெரியுமோ?"

துறையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை. "கிணறு எண்டா எட்டிப் பாத்தாலே ஆழம் தெரியும். உது என்ன கண்டறியாத தண்ணி" என்றுவிட்டு, நான் வாளியில் அள்ளிக் கொடுத்த நீரைக் குளக்கட்டில் நின்றபடியே வார்த்துக்கொண்டார். அதன்பிறகு மகளை நான் துறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் மாமியின் முகம் சுருங்கும். நான் வேண்டுமென்றே மாமிக்குக் கேட்கத்தக்கதாக மகளிடம் சொல்லுவேன்: "பயப்பிடாதேங்கோ குஞ்சு. இஞ்ச ஆழமில்லை." அவள் அதை ஒரு பாட்டுப்போலப் பாடமாக்கிக்கொண்டாள். நான் கரைக்கு வா என்று கூப்பிட்டால், சிரித்துக்கொண்டு இன்னும் ஒரு எட்டு உள்ளே வைப்பாள். அது எங்கள் இருவரின் விளையாட்டு.

இடம்பெயர்ந்து வந்த சனம் பெருகியது. காடு வெட்டிக் கொட்டில்கள் போட்டார்கள். மல்லாவி பெரிய பட்டணம்போல ஆகிவிட்டது. குளக்கட்டை உயர்த்தி, அகலமாக்கி, லொறி போகத்தக்க றோட்டாக்கப் போகிறோம் என்று கூட்டம் வைத்துச் சொன்னார்கள். வேலை செய்கிற வீடுகளுக்கு அரிசியும் பருப்பும். நானும் சந்தோசப்பட்டேன் என்பதை மறைக்க முடியாது. காய்ச்சல்காரப் பிள்ளையைச் சைக்கிளில் வைத்து, அந்தச் சேற்றுக் கட்டால் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனவளுக்கு றோட்டு வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? வந்திருக்க வேண்டுமோ என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது வரவில்லை.

ஆவணியில் குளம் வற்றியது. முதலில் மருதமரங்களைத் தறித்தார்கள். பிறகு துறையில் மண் வெட்டத் தொடங்கினார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், மேற்பார்வைக்கு நின்ற இளைஞனைக் கேட்டேன்.

"தம்பி, இவ்வளவு பெரிய குளத்தில ஏன் இந்த இடத்தில வெட்டுறியள்? இது பொம்பிளையள் குளிக்கிற துறை."

"அக்கா, மற்றப் பக்கமெல்லாம் சேறு. ரக்டர் இறங்காது. இஞ்சதான் நல்ல சரிவு, மண்பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கி ஏறலாம். கிரவலும் நல்ல கிரவல்."

பிள்ளை நடந்து இறங்கக்கூடிய சரிவு என்பதால்தான் உழவு இயந்திரமும் இறங்கியது.

"மழை வந்தா இந்தக் கிடங்கு தெரியாது தம்பி."

"மழைக்கு முதல் நிரவித் தருவம். நீங்கள் யோசியாதேங்கோ."

எங்கள் பக்கத்து வீட்டுக்காரி தலையில் மண் தாச்சியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "படிச்ச ஆள் கேட்டா நிரவுவினம். நாங்கள் கேட்டா எங்களையும் சேர்த்து நிரவுவினம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் அந்தக் கிடங்குக்குள் நின்றுதான் மண் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தலை மட்டும் வெளியே தெரிந்தது. இரவு சாப்பாட்டின்போது கேட்டேன். "எல்லாரும் வெட்டுறாங்கள். நான் மட்டும் என்னெண்டு மாட்டன் எண்டுறது?" என்றார். கோப்பையில் கிடந்தது அந்த அரிசிச் சோறுதான். நானும் சாப்பிட்டேன்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டு வந்தது. றோட்டு வேலை மழைக்கு முதல் முடிந்தது. கிடங்கு நிரவும் வேலை தொடங்கவேயில்லை. குளம் நிரம்பியபோது துறை முந்திப் பார்த்ததுபோலவே இருந்தது. கரையில் இரண்டு எட்டுக்கு மட்டும் பழைய கிரவலை விட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் ஆளை மூடுகிற கிடங்கு. மேலே அதே தண்ணீர், அதே வெளிச்சம். நானும் பக்கத்து வீட்டுக்காரியும் தடிகள் நட்டு இலந்தை முள் கட்டி அடைத்தோம். மகளிடம் "இனிக் குளத்துக்குப் போறேல்லை" என்றேன். ஏன் என்று கேட்டாள். "தண்ணி கூடாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கிடங்கைப் பற்றி விளங்கப்படுத்தினால் பிள்ளை பயந்துவிடும் என்று நினைத்தேன்.

மார்கழியில் ஒருநாள் காலை, உடுப்புக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் மகளைக் காணவில்லை. வீட்டுக்குள் இல்லை, மாமியிடம் இல்லை. கால் தானாகவே குளக்கட்டுக்கு ஓடியது. முள்வேலியில் பாதி இல்லை. யாரோ தங்கள் வளவை அடைக்கக் கொண்டுபோயிருப்பார்கள். கொட்டில்களில் இருந்து வந்த இரண்டு இளம்பெண்கள் வாளிகளோடு கரையில் நின்றார்கள். என் மகள் முழங்கால் தண்ணீரில், குளத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்று அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ அக்கா. பயப்பிடாதேங்கோ. இஞ்ச ஆழமில்லை."

என்னுடைய குரல். என்னுடைய சொற்கள். நான் இழுக்கிற இடத்தில் அவளும் இழுத்தாள்.

கத்தினால் விளையாட்டென்று நினைத்துப் பின்னால் ஒரு எட்டு வைப்பாள். அந்த எட்டுக்கு அங்கே நிலம் இல்லை. நான் சாதாரணமாக இறங்கிப்போய், "குஞ்சு, காலில அட்டை" என்றேன். அட்டை என்றால் அவளுக்கு உயிர் போகும். வீரிட்டுக்கொண்டு ஓடிவந்து என் மேல் ஏறினாள். நான் அப்படியே கரையில் இருந்துவிட்டேன்.

"எங்க அட்டை?" காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அட்டை இல்லை அம்மா."

அந்தப் பெண்கள் ஒன்றும் விளங்காமல் நின்றார்கள். அவர்களுக்கும் தெரியத்தானே வேண்டும். வேலியில் எஞ்சியிருந்த தடியொன்றைப் பிடுங்கினேன். என் உயரத்தைவிட நீளமான தடி. மகள் நின்ற இடத்துக்குப் போய் நின்று, எட்டி முன்னால் குத்தினேன். என் கை நனைகிற மட்டும் தடி போனது. அடி தட்டுப்படவில்லை. பெண்களில் ஒருத்தி "ஐயோ, கடவுளே" என்று வாளியை வைத்தாள். மகள் தடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஆழமில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அது முந்தி, குஞ்சு. இப்ப ஆழம்."

"ஆர் ஆழமாக்கினது?"

"றோட்டுக்கு மண் எடுத்தவை."

"அப்பாவும் எடுத்தவர்தானே?"

அவளைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டில் ஏறினேன். லொறியொன்று சேறு தெறிக்க எங்களைக் கடந்து போனது. யார் இப்போது மணி அடிக்கிறார்கள்?

மேற்பார்வை இளைஞனைத் தேடிப்போய்ச் சொன்னேன். "அந்த வேலைத்திட்டம் முடிஞ்சுது அக்கா. வாற கோடையில குளம் வத்த, பாப்பம்" என்றான். அடுத்த கோடையில் குளம் வற்றவில்லை. குளக்கட்டை உயர்த்தியதால் தண்ணீர் நின்றது. விவசாயிகளுக்கு நல்லது, கோடையிலும் விதைத்துச் சிறுபோகம் செய்தார்கள், என் கணவரும் செய்தார். ஆனால் தண்ணீர் நிற்கும்வரை கிடங்கை நிரவ முடியாது. எனவே நல்ல குளமாக இருக்கும்வரை அது பிள்ளைகளுக்கு ஆகாத குளம். இதைச் சொன்னால், முன்னேற்றம் பிடிக்காதவள் என்பதுபோலப் பார்க்கிறார்கள். சில நேரம் நானே என்னை அப்படிப் பார்க்கிறேன்.

பெண்கள் துறைக்குப் பதிலாகப் பொதுக்கிணறு ஒன்று கட்டித் தந்தார்கள். றோட்டு ஓரத்தில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். பெண்கள் குறுக்குக்கட்டோடு, முதுகை றோட்டுக்குக் காட்டிக்கொண்டு, அவசரமாக நாலு வாளி வார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே ஒருவரும் சிரித்துக் கதைப்பதில்லை. மாமிக்கு மட்டும் அந்தக் கிணறு பிடித்திருக்கிறது. "இது தண்ணி" என்று சொல்லிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன கிழமை மகளை அங்கே குளிக்க வார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டுக்கு நாலு அடி தள்ளியே நின்றாள்.

"இது எவ்வளவு ஆழம்?"

"கட்டு இருக்கு குஞ்சு. விழமாட்டீங்கள். அம்மா பிடிச்சிருக்கிறன். வாங்கோ."

என் முகத்தையும் கிணற்றுக்கட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு துவாயைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, பெரிய மனுசிபோலத் திரும்பினாள்.

"நில்லுங்கோ. நான் அப்பம்மாட்டைக் கேட்டுட்டு வாறன்."

நான் வாளியோடு நின்றேன்.