போர்டிகோவுக்கு மேல் ஓர் அறை

கௌதள்ளி ஊர்க்காரர் சென்னிமலை மேஸ்திரியை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். மைசூர் விஜயநகரில் என் கடையில்தான் கம்பியும் சிமென்டும் எடுப்பார். கலவையில் ஒரு சட்டி மணல் கூடிவிட்டாலும் கொட்டச் சொல்லிவிடுவார். அவ்வளவு சுத்தமான ஆள். ஆனால் என்ன கம்பி, என்ன கனம், எவ்வளவு பாரம் தாங்கும் என்று யாருக்கும் ஒரு வரி எழுதித் தந்ததில்லை. கேட்டால், "நாக்கு ஒண்ணுதானுங்க, மாத்திப் பேச மாட்டேன்" என்பார். அதை நானும் பெருமையாகக் கேட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

தன் தங்கை சுசித்ரா வீட்டில் கார் நிறுத்த ஒரு போர்டிகோ போட்டார். வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு, அவ்வளவுதான். அதற்குத் தகுந்த மெல்லிய கம்பி.

"மேலே எதுவும் கட்டக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துருங்க மேஸ்திரி" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "தங்கச்சி ஊட்டுல போயி காயிதத்த நீட்டுனா மாப்பிள்ளை என்ன நெனப்பாரு? கொண்டான் குடுத்தான் எடத்துல அது ஆகாதுங்க."

நான்கு வருடம் கழித்து, அவர் ஹனூர்ப் பக்கம் வேலையில் இருந்தபோது, மாப்பிள்ளை கணேஷ்குமார் அந்தப் போர்டிகோமேல் ஓர் அறை எழுப்பினார். கட்ட வந்த புது மேஸ்திரி, கீழே என்ன கம்பி என்று கேட்டிருக்கிறார். "எங்க மச்சான் போட்டது, மலையவே தாங்கும்" என்றாராம் இவர். யாரும் சென்னிமலைக்கு ஒரு போன் போடவில்லை.

ஆடியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலை சுசித்ரா காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தளம் அறையோடு சேர்ந்து இறங்கியது. அவளை எடுக்கவே நான்கு மணி நேரம் ஆயிற்று.

காரியம் முடிந்த மறுநாள் சென்னிமலையை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். மேலே கட்டக்கூடாது என்று தன்னிடம் யாரும் சொன்னதில்லை என்று கணேஷ்குமார் வாக்குமூலம் கொடுத்திருந்தார். அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை. எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று எஸ்.ஐ. கன்னடத்தில் கேட்டார். இல்லை என்று தலையசைத்தார் சென்னிமலை. அப்படியானால் வாயால் யாரிடமாவது சொன்னாயா என்றார் எஸ்.ஐ.

மைசூரில் முப்பது வருடம் இருந்தவருக்கு அந்த நேரத்தில் கன்னடம் வரவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"சோறு போடறப்ப சுசித்ராகிட்டச் சொன்னேனுங்க. 'அவருகிட்ட நான் சொல்லிக்கறேண்ணா'ன்னுச்சு."

அதைக் கன்னடத்தில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.