கவுன்சிலரிடம் கொடுத்த மனு

எங்கள் பள்ளியில் ஒரு கவுன்சிலர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நீச்சல் குளம், இரண்டு குதிரை, ரொட்டி சுடத் தனியாக ஒரு அடுப்பு என்று என்னென்னவோ வைத்திருந்த பள்ளி. ஒரு கவுன்சிலரையும் வைத்திருப்பார்கள், அவர்களுக்கென்ன குறை என்று நினைத்துக்கொண்டேன்.

கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருஷம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. மரக்காணத்து உப்பளங்களில் கூலிவேலை செய்யும் குடும்பங்களிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகளை அந்த விடுதிப் பள்ளி இலவசமாகச் சேர்த்துக்கொண்டது. கொரியாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த பிள்ளைகள் படிக்கிற இடம். கூடச் சேர்ந்தவள் ஒரே வாரத்தில் அழுது தீர்த்து ஊர் திரும்பிவிட்டாள். நான் அழவில்லை. எனக்கு வந்த வியாதி வேறு. என்னால் உட்கார முடியவில்லை.

ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுவேன். ஜன்னல் வரை போய் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். உட்கார்ந்தாலும் கால் ஆடும், பெஞ்சும் சேர்ந்து ஆடும், பக்கத்தில் இருக்கிற கொரியாக்காரி எழுதுகிற எழுத்தும் ஆடும். கணக்கு டீச்சர் என்னை ஜன்னலிலிருந்து தள்ளி, மேற்கே வராந்தா ஓரமாக உட்காரவைத்தார். அங்கிருந்து வகுப்பையே குறுக்கே கடந்து வந்து எட்டிப் பார்த்தேன். என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மழை மேகம் பார்க்கிறேன் என்று பதில் சொன்னேன். உப்பளத்தில் மேகம் கருத்தால் எல்லோரும் ஓடிப்போய், வாரிய உப்பைக் குவித்துக் கீற்று போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாத உழைப்பு கரைந்து ஓடிவிடும் என்று விளக்கமும் கொடுத்தேன். நல்ல பதில். எல்லோரும் நம்பினார்கள், நானும்தான்.

இருந்தாலும் ஒருநாள் ஒரு சீட்டைக் கொடுத்து, புதன்கிழமைதோறும் கவுன்சிலரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் மனசு விஷயம் பேசுகிறவருக்கு ஒரு எழுத்துக்கூட்டல், ஓட்டு வாங்கி ஜெயிக்கிறவருக்கு வேறொன்று. தமிழில் இரண்டு பேரும் கவுன்சிலர்தான். எனக்குத் தெரிந்தது ஓட்டு வாங்குகிறவரை மட்டும்.

எங்கள் ஊர்க் கவுன்சிலரை எனக்கு நன்றாகவே தெரியும். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கழுவெளி உப்பங்கழியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவை, திடீரென்று ஏறிவந்த தண்ணீர் மதகுக் கல்லில் அடித்து இடது காலை முறித்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தது. அம்மாவே அப்படிச் சொல்லியிருக்கிறாள். நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்க அப்பா நடையாய் நடந்தார். கவுன்சிலர் கெட்டவர் இல்லை. தண்ணீர் அடித்துத்தான் முறிந்தது என்பதற்குப் பார்த்த சாட்சி ஒன்று வேண்டும் என்றார். கூட யாராவது இருந்தார்களா என்று அம்மாவைக் கேட்டதற்கு, யாருமே இல்லை என்று சொல்லிவிட்டாள். வலியில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நானும் நினைவுபடுத்தவில்லை. அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

அப்பா என்னைப் பார்க்க வந்த ஞாயிறன்று, பள்ளியிலேயே ஒரு கவுன்சிலர் இருக்கிற விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"கவுன்சிலரே ஒன்னக் கூப்ட்டு உக்கார வெச்சிப் பேசுதா? உட்டுடாத. அம்மா விஷயத்த எழுதிக் குடுத்துடு."

வகுப்பில் ஒரு பக்கம் எழுத முடியாத நான் அன்று இரவே இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி போட்டேன். பெறுநர் இடத்தில் 'மாண்புமிகு கவுன்சிலர் அம்மா அவர்கள்' என்று எழுதினேன். கடைசியில் 'சாட்சி' என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

கவுன்சிலர் ஒரு வெள்ளைக்கார அம்மா. குயிலாப்பாளையத்தில் பல வருஷமாகக் குடியிருந்து, அங்கேயே தமிழ் பழகி, டிவிஎஸ் வண்டியில் வருவார். என்னைப் போய் 'நீங்க' என்று கூப்பிட்டார். எங்கள் ஊரில் தேர்தலுக்கு முந்தின வாரம்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்பதால் எனக்கு நம்பிக்கை பிறந்தது. மனுவை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு பத்திரமாக ஒரு அட்டையில் வைத்துக்கொண்டார்.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறை தீர்க்கும் நாள் என்றால் இங்கே புதன்கிழமை போல என்று விடாமல் போனேன். ஒவ்வொரு வாரமும் மனு என்னாச்சு என்று கேட்பேன். அவரோ ராத்திரி தூக்கம் வருகிறதா, எதைக் கேட்டால் பயமாக இருக்கிறது என்று விசாரித்து நோட்டில் எழுதிக்கொள்வார். இந்தச் சாதாரணச் சமாச்சாரங்களை எதற்குக் கேட்கிறார், எல்லாக் கவுன்சிலரும் ஒரே ரகம்தான் என்று எனக்கு அலுத்துப்போனது. இந்தப் பட்டியல், அந்தப் பட்டியல் என்று ஒன்றுமே தனக்குத் தெரியாது என்று அவர் பலமுறை சொன்னார். அதையும்தான் எல்லாக் கவுன்சிலரும் சொல்வார்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை அவர் மனுவை எடுத்து மேஜையில் விரித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இங்க நீங்க ஒண்ணும் எழுதலையே?"

கால் ஆட ஆரம்பித்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. சாட்சி இல்லாமல் மனு செல்லாது என்று எனக்குத் தெரியும். இப்போது சொல்லாவிட்டால் அம்மாவின் பெயர் ஏறவே ஏறாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"நான் இருந்தேன். வரப்பு மேல இறால் குண்டான வெச்சிக்கினு நின்னேன். தண்ணி வர்றத நான்தான் மொதல்ல பாத்தேன். அம்மான்னு கூப்புடல. குண்டானப் போட்டுட்டு ஓடிட்டேன்."

திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்திருந்தார். இத்தனை வாரமும் தும்மினால்கூட எழுதிக்கொண்டவர், முக்கியமானதைச் சொல்லும்போது எழுதவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எழுதிக்குங்க மேடம். எழுதலன்னா யாரு நம்புவாங்க?"

"நான் நம்புறேன்" என்றார். "திரும்பவும் சொல்லுங்க. மெதுவா."

மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அழுதேன். அப்போதும் அவர் பேனாவைத் தொடவில்லை.

அம்மாவின் பெயர் கடைசிவரை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. கால் கொஞ்சம் வளைந்த மாதிரியே கூடிவிட்டது. அடுத்த முறை வந்த அப்பாவிடம் நானே சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர், "யாருமே இல்லன்னு உங்கம்மா சொல்லிட்டா. அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இதெல்லாம் பிறகு. அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் கணக்கு வகுப்பில் நான் அந்த வெள்ளைக்கார அம்மாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே பின்னக் கணக்குகளைப் போட்டேன். ஒன்றுகூட மிச்சமில்லாமல் போட்டு முடித்தேன். மணி அடித்து வெளியே வந்தால் வராந்தாவில் எல்லோருடைய செருப்பும் நனைந்து கிடந்தது. நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேகம் கூடியதையும் நான் பார்க்கவில்லை, மழை பெய்ததையும் பார்க்கவில்லை. ஊரில் உப்பை மூடினார்களோ என்னவோ என்று பதறிக்கொண்டு நின்றேன்.

ஆவணி மழை எங்கள் பக்கத்தில் எப்போதும் மேற்கேயிருந்துதான் ஏறிவரும். உப்பளத்துப் பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். நான் அத்தனை நாளும் எழுந்து எழுந்து எட்டிப் பார்த்த ஜன்னல் கிழக்கே இருந்தது. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல்தான் தெரியும்.