எனக்கு மட்டும் சொல்லாத பேய்

சூடேறிய விளக்கின் கண்ணாடியில் தூசி கருகும்போது ஒரு வாசனை எழும். அதோடு தேங்காய் நாரில் போட்ட சாம்பிராணிப் புகையும் சேர்ந்துகொண்டால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வருமோ என்னவோ, எனக்குப் பேய்ப்படம்தான் நினைவுக்கு வரும். என் அப்பா சினிமாவில் லைட்மேனாக இருந்தவர். ஈக்காட்டுத்தாங்கலில் லேத்துப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அண்ணனும் நானும் அவரை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். படப்பிடிப்பில் நடந்ததையெல்லாம் அவர் சோற்றைப் பிசைந்தபடி சொல்லுவார். வெளிச்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் சோறு காய்ந்துபோகும்.

"இருட்டு பயமில்லமா. இருட்டுக்குள்ள இன்னா கீதுன்னு தெரியாதது பாரு, அதான் பயம்" என்பார்.

எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில், மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய தெரு ஒன்றில் இருந்த பழைய மாடி வீட்டில் ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். அதில் நடிக்க வேண்டிய சிறுமிக்கு அம்மை போட்டுவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை குழந்தையை வாசல் தாண்ட விடமாட்டார்கள், அந்த வீட்டில் போய் எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்பதும் பாவம். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நைனா முந்திக்கொண்டு, "நம்ம பொண்ணு கீது சார், இட்டாரட்டுமா?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் அம்மா எனக்கு எண்ணெய் வழிய வழியச் சீவி, இரட்டைப் பின்னல் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பினாள். போனதும் முதல் வேலையாக ரிப்பனை அவிழ்த்தார்கள்.

அந்த வீட்டின் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, சாம்பிராணிப் புகை போட்டு, உச்சிப்பொழுதை நள்ளிரவாக ஆக்கியிருந்தார்கள். வெளியே கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போவாள், உள்ளே நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவோம். பயமுறுத்துவதென்றால் திடீரென்று எதையாவது எடுத்துக் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப்போடும், அவ்வளவுதான், அடுத்த நிமிடம் சிரிப்பு வந்துவிடும். நிஜமான திகிலை ஆற அமர, தச்சு வேலை மாதிரி, இழைத்து இழைத்துத்தான் கட்டுகிறார்கள். நான் நடக்க வேண்டிய, வீட்டுக்குள் நீண்டு கிடந்த நடையில் விளக்குகளுக்கு முன்னால் பலகைகளை நிறுத்தி, நாலடிக்கு ஒருமுறை வெளிச்சத்தைக் குறைத்திருந்தார்கள். கேமராவை என் உயரத்துக்கு இறக்கி, சக்கர வண்டியில் வைத்து, நான் நடப்பதைவிடச் சற்று மெதுவாக என் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நடையின் கடைசியில் இருக்கும் கதவைத் தள்ளி உள்ளே போய், கூடையில் இருக்கும் பூனைக்குட்டியை எடுக்க வேண்டும். நாலு தடவை ஒத்திகை பார்த்தார்கள். நாலு தடவையும் பூனைக்குட்டி இருந்தது. ஐந்தாவது தடவைதான் படம் பிடிப்பது என்றார்கள். அதற்கு முன்னால் என்னை முற்றத்துக்கு அனுப்பி ரோஸ்மில்க் கொடுத்து உட்காரவைத்தார்கள். எனக்கு முடி ஒதுக்கிவிட்டு, பட்டர் பிஸ்கட் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த சரோஜா அக்காவை அந்த நேரத்தில் காணவில்லை, அதை நான் யோசிக்கவில்லை. வண்டி தள்ளுகிறவருக்குத் தெரியும், மேக்கப்காரருக்குத் தெரியும், டீ கொண்டுவந்தவருக்கும் தெரியும். கதவுக்குப் பக்கத்தில் விளக்கை மறைத்த பலகையின் மேல் கைவைத்து நின்றிருந்த நைனாவுக்கும் தெரியும்.

கடைசி நாலடியில் நான் அவரைப் பார்த்தேன். அவர் சிரித்து, 'போ' என்று முகவாயை அசைத்தார். நான் கதவைத் தள்ளியதும் பலகையை எடுத்தார்.

கூடை இருந்த இடத்தில் சரோஜா அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அது சரோஜா அக்கா என்று எனக்கு எப்படித் தெரியும்? பாதி முகத்துக்கு மேல் முடி, மீதிப் பாதியில் வெள்ளைக் கண் ஒன்று. எனக்குக் கத்த வரவில்லை. திரும்பி நைனாவிடம் ஓடினேன். டைரக்டர் இன்னும் 'கட்' சொல்லவில்லை. நான் விளக்குக்கு முன்னால் வந்தால் என் நிழல் பேயின் முகத்தில் விழுந்து எல்லாம் பாழாகிவிடும். நைனா இடது கையை நீட்டி, என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, வராதே என்று தடுத்து நிறுத்தினார். அங்கேயே, அந்த வெளிச்சத்துக்கு வெளியே, கவுனை நனைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். சரோஜா அக்கா பதறிப்போய் என்னைச் சமாதானப்படுத்த அதே முகத்தோடு ஓடிவந்தார். அப்போதுதான் எனக்குக் குரலே வந்தது.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது நைனா, "சொல்லிட்டா உனுக்கு நெஜ பயம் வந்திருக்காதுமா" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

தி.நகரில் ஒரு தியேட்டரில் குடும்பத்தோடு படம் பார்த்தோம். நான் நடையில் கால் வைப்பதற்கு முன்பே பேய் அந்த அறைக்குள் நுழைந்து உட்காருவதைத் தனியாக எடுத்துச் சேர்த்திருந்தார்கள். ஆகவே தியேட்டருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. திகில் படத்தின் சூட்சுமமே இதுதான் என்று பிற்பாடு புரிந்துகொண்டேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "ஐயோ, போவாதடி பாப்பா!" என்று எழுந்தே விட்டாள். முன்பின் தெரியாத அவளுடைய குரலைக் கேட்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன். நைனா திரையைப் பார்க்காமல் ஜனங்களின் முகங்களைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்.

போன வருடம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். டாக்டர் என்னையும் அண்ணனையும் வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: வயிற்றில் புண், மருந்தில் ஆறிவிடும் என்று அவரிடம் சொல்லிவிட்டோம். ஹார்லிக்ஸோடு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். எல்லோரும் சிரித்த முகமாகப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஒரு மத்தியானம் நான் மட்டும் இருந்தபோது கேட்டார்: "அல்லாரும் என்னிய பாத்து சிரிச்சிக்கினே கீறாங்க. இன்னாமா விஷயம்? உனுக்குத் தெரியும், சொல்லு."

சொன்னேன். நோயின் பெயர், எங்கெல்லாம் பரவியிருக்கிறது, டாக்டர் கொடுத்த கெடு, ஒன்றையும் மறைக்கவில்லை. "பயமா கீதுமா" என்றார். நாற்பது நாள், விளக்கை அணைக்கவிடாமல், யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தார். "நிம்மதியா போயிருப்பாரு. நீதான் பயமுறுத்தி அனுப்புன" என்று சொன்ன அண்ணன் அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை.

மயிலாப்பூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், அந்த நடை இப்போது கார் நிறுத்துமிடம். தி.நகர் தியேட்டர் ஜவுளிக்கடையாகிவிட்டது. படத்தின் பிரதி யாரிடமும் இல்லை என்கிறார்கள்.

கேட்ட மனிதரிடம் எப்படிப் பொய் சொல்வது என்று உறவினர்களிடம் அடித்துப் பேசுகிறேன். அது உண்மையும்தான். ஆனால் அன்று, பயமாக இருக்கிறது என்று சொல்லி நைனா கையை நீட்டியபோது நான் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. அவர் பயப்படுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.