முதலாளியோடு அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு

வெளியூர் போனால் அருங்காட்சியகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இணையத்தில் நிறையப் பேர் வீடியோ போட்டிருக்கிறார்கள். டெல்லிக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் பார்த்தேன். திங்கட்கிழமை போகாதே, கதவு திறந்ததும் போ, பையைச் சுமக்காதே, மெத்தென்ற செருப்புப் போடு, அத்தனையையும் பார்க்க ஆசைப்படாதே. எல்லாம் நல்ல யோசனைகள்தான். முதலாளியோடு போகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆடை வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, ஆர்டர் தாமதமானால் அதை நல்ல இங்கிலீஷில் சொல்வது என் வேலை. டெல்லியில் நடந்த ஆடைக் கண்காட்சிக்கு முதலாளி என்னைக் கூட்டிப்போனார். கடைசி நாள் சாயங்காலம்தான் விமானம். காலையில் அருங்காட்சியகம் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மத்தியானம் ஜவுளிச் சந்தைக்குப் போயாக வேண்டும், அதுவரை போகலாம் என்றார்.

எனக்கு அங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. சிந்து சமவெளிக் காளை முத்திரை. ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அதன் படம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாடப்புத்தகத்தில் எதைக் கத்தரிக்கலாம், எதைக் கூடாது என்பது பற்றி வீட்டில் யாருக்கும் தெளிவு கிடையாது. கம்பெனியில் அயர்னிங் வேலைக்கு வருவதற்கு முன் கொமரலிங்கம் ஊர்ப் பக்கம் மாடு வைத்திருந்தவர் அப்பா. பரீட்சை முடிந்த அன்றே, திமிலும் கொம்புமாக நின்ற அந்தக் காளையை வெட்டியெடுத்து, சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பொட்டு வைத்துவிட்டார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பொட்டு. இத்தனை வருஷத்தில் காளை குங்குமத்துக்குள் போய்விட்டது.

டெல்லி என்றதும் அப்பா கேட்டது இதைத்தான். "அந்த மாடு அங்கதான் இருக்குதுன்னு சொன்னியல்ல? முழுசாத் தெரியற மாதிரி ஒரு போட்டோ புடிச்சுட்டு வா கண்ணு. நம்முளுது பாத்தா மாரியாத்தா மாதிரி இருக்குது."

சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எங்கள் கம்பெனியில் பையர் ஆடிட் முடிந்திருந்தது. தொழிலாளிக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பையரின் ஆட்கள் வந்து பார்ப்பது அது. தீயணைப்பு சிலிண்டரில் தேதி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி என்று ஒன்றையும் விடமாட்டார்கள். நடைபாதையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தாலும் மார்க் போய்விடும். அதிலிருந்து முதலாளி எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் கண் சுவரில் சிவப்பாக என்ன தொங்குகிறது என்றுதான் தேடும். கல்யாண மண்டபத்தில்கூட மணமேடைக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்.

அருங்காட்சியக வாசலைத் தாண்டியதும் ஆளுயரக் கற்சிலை ஒன்று நின்றது. நான் சிலையைப் பார்த்தேன். முதலாளி சிலைக்குப் பின்னால் இருந்த சிலிண்டரின் அட்டையைத் திருப்பித் தேதி பார்த்தார்.

"கரெக்டா மாத்தியிருக்கறாங்க பாருங்க தம்பி. ஒரு போட்டோ எடுங்க."

எடுத்தேன். ஆடிட் சமயத்தில் அவர் விரல் நீட்டும் இடத்தையெல்லாம் போட்டோ எடுத்தவன் நான்தான். எனக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. அடுத்து வீடியோ கால் போடச் சொல்லி, திருப்பூரில் இருந்த மேனேஜருக்கு ஒரு கூடம் முழுவதையும் காட்டினார். இரண்டு பக்கமும் ராஜாக்களின் வாள்கள். வழியில் ஒரு பெட்டிகூட இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் மேனேஜருக்கு அவர் சொன்ன விளக்கம். அவருடைய போன் சாயப்பட்டறை அழைப்புகளுக்கே போதாது. அதனால் எல்லாம் என் போனில்.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த காவலர் ஒருவர் மெல்ல அருகில் வந்தார். எங்கள் இருவர் கழுத்திலும் ஆடைக் கண்காட்சியின் அட்டை இன்னும் தொங்கியது. நான் கழற்ற மறந்திருந்தேன். முதலாளிக்குக் கழற்ற மனசில்லை. வெள்ளை வேட்டி, கழுத்தில் அட்டை, சிலிண்டரில் தேதி பார்ப்பது என்று எல்லாம் சேர்ந்து, எங்களை மேலிடத்திலிருந்து வந்த அதிகாரிகள் என்று அவரை நினைக்கவைத்துவிட்டது. கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்.

என் இந்தி எங்கள் கம்பெனியில் தைக்கிற பீகார்காரர்களிடம் பழகியது. சீக்கிரம், எத்தனை பீஸ், இதைப் பிரி, மறுபடி தை என்பதைத் தாண்டாது. காளைக்கு இந்தியில் என்ன என்று தெரியாமல், அதை மட்டும் தமிழிலேயே வைத்து, காளை பீஸ் எங்கே, சீக்கிரம் என்று கேட்டேன். அவ்வளவு மிடுக்காக ஒரு அதிகாரிதான் கேட்பார் என்று காவலருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனார். பிறகு தண்ணீர்த் தொட்டி. பிறகு தீ எச்சரிக்கை மணியின் சுவிட்சுகள். முதலாளி முகத்தில் திருப்பதி போய்வந்த களை.

"திருப்தியாப் பாத்தாச்சுங்க தம்பி. மார்க்கெட்டுக்குப் போலாமா?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் இல்லை என்று சொன்னதில்லை. அப்பாவின் சாமி அலமாரி கண்ணுக்கு முன்னால் வந்தது.

"இல்லீங்க சார். நான் இன்னும் ஒண்ணுமே பாக்கலீங்க" என்று ஆரம்பித்து, பாடப்புத்தகம், முருகன், குங்குமம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் நின்றுவிட்டார். "மாடா? மாட்டப் பாக்க வந்தோம்னு வாசல்லயே சொல்றதுக்கென்னங்க? நாம்பாட்டுக்கு சிலிண்டரப் பாத்துட்டுத் திரியறேன்."

காவலர் பக்கம் திரும்பித் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் கொம்பாக வளைத்தார். பிறகு தோளுக்குப் பின்னால் ஒரு திமிலைக் காற்றில் வரைந்தார். காவலருக்கு உடனே புரிந்துவிட்டது.

முத்திரை ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி முன்னாலிருந்து ஒரு பார்வை, பக்கத்திலிருந்து ஒரு பார்வை. காங்கயம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். கழுத்துக்குக் கீழே தொங்குகிற தாடி மட்டும் கொஞ்சம் அதிகமாம். காவலரும் குனிந்து பார்த்தார். நான் போனை எடுத்தேன். சிலிண்டர்களையும் வாள் கூடத்தையும் காட்டிக் காட்டி அது செத்துப்போயிருந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலாளி தன் போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சாயப்பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. அதைத் துண்டித்தார். சாயப்பட்டறை அழைப்பை அவர் துண்டித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு கையாலும் போனைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே ஒரு போட்டோ எடுத்தார்.

ஆகவே என் பங்குக்கு என் யோசனைகள். கண்காட்சி அட்டையைக் கழற்றிவிட்டுப் போங்கள். பவர் பேங்க் கொண்டுபோங்கள். எதைப் பார்க்க வந்தீர்கள் என்பதைக் கூட வருகிறவரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்பா அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்துவிட்டார். இனிமேல் குங்குமத்தைத் துடைத்துக்கொள்ளலாம். கொம்பு, திமில், வால் எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. கூடவே, எதிர்ச் சுவரில் இருந்த சிலிண்டரும், முத்திரையை வைத்திருந்த பெட்டியின் கண்ணாடியில் பிரதிபலித்து, காளைக்கு இணையாகச் சிவப்பாக நின்றது. அது என்ன என்று அப்பா கேட்டார். நெருப்பை அணைப்பது என்றேன்.

"நாள் பூராம் அயர்ன் பாக்ஸோட நிக்கறவனுக்கு அதும் வேணுமல்ல" என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.