சுதாஜினியின் வயலுக்கு வேலைக்கு வந்த கணினிகள்

ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து சற்று உள்ளே போனால் சுதாஜினிக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடையும், யானைவேலியோடு ஒட்டினாற்போல ஒரு வயலும் இருக்கின்றன. கடைக்குக் கூட்டம் வருவதில்லை. வயலுக்குத்தான் வந்தது. சென்ற காலபோக நெற்செய்கையில் கதிர் பால் பிடித்த வேளையில் யானைகள் புகுந்து, பாதியைத் தின்று மீதியை உழக்கிவிட்டுப் போயின. பலர் வந்து படம் எடுத்தார்கள், யானைகளை அல்ல, சுதாஜினியை. இந்தப் போகமும் கையைவிட்டுப் போனால் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவது என்று அவர் தீர்மானித்திருந்தார்.

கடையில் இருந்த கணினி பெரும்பாலும் சும்மா இருக்கும். அடையாள அட்டையைக் கொப்பி எடுத்தவர் போய்விட்டால், அடுத்தவர் வரும்வரை திரையில் மீன்கள் நீந்தும். வவுனியாவில் கணினி படிக்கும் அண்ணன் மகள் யதுர்ஷிகாவுக்கு அந்த மீன்களைக் கண்ணில் காட்டக் கூடாது. ஒரு விடுமுறைக்கு வந்தவள் மீன்களைக் கலைத்துவிட்டு, கணினியை உலகப் பொதுவேலை ஒன்றில் சேர்த்துவிட்டாள். எங்கோ ஓர் ஆய்வுகூடம் நோய்க்கு மருந்து தேடுகிறது. அதற்கான கணக்கு ஒரு கணினியால் முடிகிற காரியம் இல்லை. ஆகவே சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, ஊருலகத்தில் சும்மா கிடக்கும் கணினிகளுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அவை ஓய்வு நேரத்தில் செய்து திருப்பி அனுப்பும். சம்பளம் கிடையாது.

ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் தங்கராசா, கூட்ட அறிவித்தலைக் கொப்பி எடுக்க வந்தபோது இதைக் கண்டார்.

“பிள்ளை, ஒருத்தரும் தொடாமல் இது என்ன செய்யுது?”

“வெளிநாட்டிலை மருந்து தேடுகினம் அண்ணை,” என்றார் சுதாஜினி. “அவைக்குக் கணக்குச் செய்து குடுக்கிறம்.”

“நல்லது. அப்ப அவை எங்கடை வேலைக்கு எப்ப வருவினம்?”

இது பகிடி இல்லை. வரம்பு கட்டவும் களை பிடுங்கவும் இவர் வயலுக்கு அவர், அவர் வயலுக்கு இவர் என்று முறை வைத்து வாழ்கிற ஊர் அது. வேலைக்குப் போனவர் தன் முறையைக் கேட்காமல் விட்டால், அவருக்கு ஏதோ சுகமில்லை என்று விசாரிப்பார்கள். கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. யதுர்ஷிகா அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள்: உங்கள் வேலைக்கு எங்கள் கணினி வந்தது, இனி எங்கள் முறை, எங்கள் வேலை யானை.

ஆய்வுகூடத்தார் மரியாதையாகப் பதில் போட்டார்கள். யானைக்கு வர இயலாது, ஆனால் இப்படியொரு பொதுவேலையை யாரும் தொடங்கலாம், வழிமுறை இதோ.

தங்கராசா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “வரமாட்டினமாம். ஆனால் எங்களையே செய்யச் சொல்லுகினம். பெரிய இடத்து ஆக்கள் இப்பிடித்தான்.”

அப்படியே செய்தார்கள். முகம் உடைந்த பழைய கைத்தொலைபேசிகளைச் சேர்த்து, முதல் முறை சுதாஜினியின் வயலுக்கு என்று அங்கே வேலியோரத்து மரங்களில் கட்டினார்கள். ஏதாவது அசைந்தால் அவை படம் எடுத்து அனுப்பும். காற்றுக்குப் புல் அசைந்தாலும் படம்தான். குவிந்த படங்களில் யானை எது என்று பார்க்கக் கடைக் கணினி மட்டும் போதாது. எனவே கலியாண வீடியோ எடுக்கும் நிரஞ்சனின் கணினி வந்தது. தங்கராசாவின் மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன, பூத்துணி போர்த்திய கணினியும் வந்தது. யதுர்ஷிகா, படம் பார்த்து யானையை அடையாளம் காணும் நிரலுக்கு யானைப் படங்களையும் மாட்டுப் படங்களையும் காட்டிப் பழக்கினாள். மனிதப் படங்களைக் காட்ட அவளுக்குத் தோன்றவில்லை. வேலி வாசலின் கம்பியைக் கொழுவும் கொக்கியை இரவுக் காவலாளைத் தவிர வேறு ஒருவரும் தொடக்கூடாது என்று தலைவரே சட்டம் போட்டிருந்தார்.

ஒரு சிக்கல் மட்டும் யாரும் எதிர்பாராதது. வேலைக்கு வந்தவருக்குத் தேத்தண்ணியும் கடிக்க வடையும் கொடுப்பது வயல்காரர் கடமை. கணினி வடை தின்னாது. அதன் சொந்தக்காரர் தின்பார்.

“அக்கா, என்ரை மிசின் காலமை முழுக்க உங்கடை வயலுக்குத்தான் நிண்டது,” என்று நிரஞ்சன் கடை வாங்கிலில் வந்து குந்துவான்.

“உன்ரை மிசின் நிண்டது. நீ படுத்தெல்லோ கிடந்தனி?”

“அதுக்குக் கரண்ட் குடுத்தது ஆர்?”

சுதாஜினி வடை சுட்டார். வேலியில் கொக்கி மட்டும் அடிக்கடி கழன்று தொங்கியது. ஒரு பொழுதுபடும் நேரம் யானைகள் அந்த வாசலால் வந்து வயலின் ஓரத்தைச் சுவைபார்த்துவிட்டுப் போயின. கதிர் முற்றிக்கொண்டிருந்தது.

“யானைக்குச் சரியான மூளை,” என்றார் தங்கராசா. “தும்பிக்கையாலை கழட்டுது.”

ஒருநாள் அவரே எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய கணினி கள்ளனைப் பிடித்துவிட்டதாம். திரையில் ‘யானை, நிச்சயம்’ என்று எழுதியிருந்தது. படத்தைப் பெரிதாக்கினார்கள். மத்தியான வெயிலில் ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு கொக்கியைக் கழற்றுகிறது. இடுப்பில் சாரம், முதுகில் பயிருக்கு மருந்தடிக்கும் தாங்கி. அதன் குழாய் தும்பிக்கைபோலத் தொங்குகிறது.

தேத்தண்ணியோடு வந்த தலைவரின் மனைவி அமராவதி எட்டிப் பார்த்தார். “இந்தச் சாரத்தை நானெல்லோ தோய்க்கிறனான்.”

தங்கராசா எழும்பி மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

“அந்த வாசலாலை போனால் என்ரை வயல் கிட்ட,” என்றார்.

“திரும்பி வரேக்கை கொழுவேல்லையோ அண்ணை?” என்று கேட்டார் சுதாஜினி.

“கை முழுக்க மருந்து. பேந்து கொழுவுவம் எண்டு வந்திட்டன்.”

“எல்லா நாளும் பேந்தோ?”

தலைவர் பதவி சும்மா கிடைப்பதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதை விடுங்கோ. கண்டுபிடிச்சது ஆற்றை கொம்பியூட்டர்?”

“உங்கடைதான்,” என்றார் சுதாஜினி. “அதாலை இனிக் கொக்கியும் உங்கடைதான். நெல்லு அருவி வெட்டி முடியுமட்டும் பின்னேரத்திலை நீங்களே வந்து கொழுவுங்கோ. போன் பாத்துக்கொண்டிருக்கும்.”

அதுவும் ஏகமனதாகத் தீர்மானமானது.

யதுர்ஷிகா நிரலைத் திருத்தப் போனாள். “மாமி, நாலைஞ்சு மனிசப் படம் காட்டினால் அது விளங்கிக்கொள்ளும்.”

“வேண்டாம் பிள்ளை. நெல்லு வீட்டுக்கு வரட்டும். அதுமட்டும் அவர் யானையாவே இருக்கட்டும்.”

அதிலிருந்து பொழுதுபடத் தங்கராசா, தோளில் தாங்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டை போட்டுத் தலைவாரி வந்து கொக்கியைக் கொழுவினார். மரத்தைப் பார்த்து ஒருமுறை நின்றார். எல்லார் கணினியிலும் ‘யானை’ என்று விழுந்தது. அந்தப் போகத்தில் சுதாஜினியின் வேலிக்கு வேறு யானை வரவில்லை. நெல் மூட்டைகளை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தபோது, பின்னால் சைக்கிளில் வந்தவர் தலைவர்தான். அடுத்த போகத்தில் கணினிகள் தன் வயலுக்கு வரும் முறை எப்போது என்று கேட்டுக்கொண்டே வந்தார்.