ஒரு மூடி மண்ணெண்ணெய்

தேஹு ரோடில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் சாலை போட்ட வருஷம் நான் நான்காம் வகுப்பு. அந்த வேலைக்கு அப்பாதான் மேற்பார்வை. டிரம் டிரம்மாக வந்து இறங்கிய தாரில் ஒரு டப்பா அளவு மாதிரி எடுத்து, மூடிமேல் கையெழுத்துச் சீட்டு ஒட்டி, புனேயில் இருந்த லேபில் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. அந்தச் சனிக்கிழமை லேப் மூடிவிட்டது. திங்கட்கிழமை லோக்கல் ரயிலில் எடுத்துப் போகலாம் என்று டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். தாரிலும் ரகம் உண்டு என்று எனக்கு விளக்கினார். எடை கட்டிய ஊசியை ஐந்து விநாடி தார்மேல் விடுவார்களாம். எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் மார்க். எண்பது, நூறு என்று வாங்கினால் இளகிய ரகம், வெயிலில் லாரிச் சக்கரம் பதிந்துவிடும். எங்கள் சாலைக்கு அறுபது, எழுபதுக்குள் வாங்கும் கெட்டித் தார்தான் வேண்டுமாம். மார்க் அதிகம் வாங்கினால் ஃபெயிலாக்கும் பரீட்சை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஞாயிறு மத்தியானம் எல்லோரும் தூங்கியதும் சீட்டை உரித்தேன். அம்மாவின் கோணி ஊசியைத் தாரில் நிறுத்தி ஐந்து எண்ணினேன். இறங்கவில்லை. அழுத்தினேன். உள்ளே போன ஊசி வரமாட்டேன் என்றது. கையில் ஒட்டிய தாரை அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது ஞாபகம் வர, ஸ்டவ்வுக்கு வைத்திருந்த கேனிலிருந்து ஒரு மூடி ஊற்றிக் கிளறினேன். ஊசி வந்தது. சோற்றுப் பருக்கையால் சீட்டை மறுபடி ஒட்டிவிட்டு நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை முடிவு வந்தது. ஊசி கண்டபடி இறங்கியதாம். மண்ணெண்ணெய் வாடையாம். "கான்ட்ராக்டர் டிரம்முல கலந்திருக்கான். நாளைக்கு எழுதிக் குடுத்துட்டா அந்தாளுக்கு இனி எங்கயும் வேலை கிடைக்காது" என்றார் அப்பா.

சாயங்காலம் அந்தக் கான்ட்ராக்டரே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். "சாஹேப், பச்சோங் கீ கசம்" என்று பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். அப்பா அவரை உள்ளே கூப்பிடவில்லை. அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன், மூன்று தடவை பாத்ரூம் போனேன். "ஏன்டி, உக்காந்த எடத்துல இருக்க மாட்டியா?" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் எனக்கு மண்ணெண்ணெய் வாடையே அடித்தது.

காலையில் அப்பா ஷூ மாட்டும்போது சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எவ்வளவு ஊத்துன?"

"ஒரு மூடி."

அப்பா ஷூ லேஸைக் கட்டி முடித்தார். பிறகு, "சரி, ஸ்கூலுக்குக் கிளம்பு" என்றார்.

புது மாதிரி எடுத்தார்கள், தேறியது. மழைக்கு முன்பே சாலையும் வந்தது. தப்பித்தோம் என்று நான் அதில் சைக்கிள் ஓட்டினேன். விதியை மீறி மாதிரியை வீட்டில் வைத்ததும் அது கெட்டதும் தன் தவறே என்று அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். என்னைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. இதை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

அதற்கு வெகு முன்பே அப்பாவுக்குக் கீழே இருந்தவர்கள் பதவி உயர்ந்து பெரிய குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் அதே இரண்டு அறையில் கிடந்தோம். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், அப்பாவுக்குச் சாமர்த்தியம் போதாது என்று அவர் எதிரிலேயே சொன்னேன்.

"ஆமாம்மா, போதாதுதான்" என்றார்.

அவரே ஒப்புக்கொண்டுவிட்டதில் எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.