மேடைக்கு முதுகு காட்டி நின்றவர்

கனகக்குன்னு அரண்மனை வளாகத்தில் நடன விழா நடக்கும் நாட்களில் என் மகளை அழைத்துப் போவேன். நுழைவாயிலில் ஒரு காவல்காரப் பெண் நிற்பார். தொளதொளத்த சீருடை, இறுக்கிப் பின்னிய சடை. வருகிறவர்களைக் கவனிக்க வேண்டியிருந்ததால் மேடைக்கு முதுகு காட்டியே நிற்பார். சலங்கைச் சத்தம் மட்டும்தான் அவருக்கு.

நாங்கள் திரும்பும்போது மகளை நிறுத்துவார். "இன்னிக்கு என்ன ஆட்டம் மோளே? ஆடிக் காட்டு."

கடைசி நாள் அவள் மயிலாட்டம் ஆடிக் காட்டினாள்.

"கால் எப்படி வச்சே? இன்னொருக்கா காட்டு" என்றவர், தன் பூட்ஸ் காலையும் மெல்ல அப்படியே வைத்துப் பார்த்தார்.

"நீங்களும் ஆடுவீங்களா ஆன்ட்டி?"

"என் மோளுக்கு ஆடிக் காட்டத்தான். போனக்காடு எஸ்டேட்டுல என் அக்காகூட இருக்கா. உன் வயசுதான்."

"அடுத்த வருஷம் இங்கேயே கூட்டிட்டு வாங்களேன்" என்றேன்.

"நான் இங்க வாசல்ல நிப்பேன். உள்ளே அவகூட யாரு சாரே இருப்பா?"

"நான் இருப்பேன்" என்றாள் மகள்.

அவர் அவள் கன்னத்தைத் தொட்டார்.

மறு வருடம் அந்த வாசலில் வேறொருவர் நின்றிருந்தார். உள்ளே கூட்டம் நிரம்பிய பிறகும், தன் பக்கத்து நாற்காலியில் என் மகள் யாரையும் உட்கார விடவில்லை.